பழைய கிடார் இருக்கட்டும் என்றாயே

கண்ணு,

நீ போன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறாய்: "அம்மா, பழைய கிடாரை வித்துடலியே?" நானும் ஒரே பதிலைச் சொல்கிறேன்: "சாப்பிட்டியா?" எதிர் வீட்டுக்காரர்களின் போன் அவர்களுடைய நடுக்கூடத்தில் இருக்கிறது. நான் ரிசீவரைக் காதில் வைத்ததும், எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். குறைத்துவிட்டு எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நின்றுகொண்டு பேசக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன். நீ கன்னட மீடியத்தில் படித்தவள், என் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். நல்லதுதான். மெதுவாகப் படித்தால் கோபமும் மெதுவாக வரும்.

முதலில் அந்தக் கிடார் நம் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்குச் சங்கீதத்தில் ஆசை, அதனால் வாங்கிக் கொடுத்தேன் என்று அப்பா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் ஒன்றும் இல்லை. வீட்டில் இடம் இல்லை, அதுதான் உண்மை. நீ வீணை கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது. மைசூரில் இருந்துகொண்டு வீணையை விட்டுவிட்டு வேறு எதைக் கற்பது? சரஸ்வதிபுரத்தில் ஒரு வீணை டீச்சரைக்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன் அப்பா ஃபேக்டரி ஃபிட்டர், எதையும் அளக்காமல் விடமாட்டார். அளவு டேப்பை எடுத்துத் தரையில் நீட்டிப் பார்த்தார். நமக்கு அப்போது ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். "வீணையைப் படுக்க வெச்சா நம்ம மூணு பேர்ல ஒருத்தர் வாசல்ல படுக்கணும். யாருன்னு நீயே முடிவு பண்ணு" என்றார். அப்புறம் ஆர்க்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு ஊருக்குப் போகிற ஒருவரிடமிருந்து இந்தக் கிடாரை வாங்கிவந்து சுவரில் ஆணி அடித்து மாட்டினார். சுவரில் தொங்குகிற வாத்தியம், தரையை அடைக்காது. நீ கிடார்காரி ஆனது இப்படித்தான்.

அது நல்ல கிடாரும் இல்லை. கம்பிகள் கழுத்துப் பலகையிலிருந்து எட்ட நின்றன. அழுத்தி அழுத்தி உன் விரல் நுனி சிவந்து, சாதம் பிசையும்போது ஸ்ஸ் என்பாய். அப்பாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கம்பிகள் உட்காருகிற அந்த வெள்ளைப் பட்டையைக் கழற்றி ஃபேக்டரிக்கு எடுத்துப்போய் அரத்தால் தேய்த்துக்கொண்டு வந்தார். பாசத்தில் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு கம்பி இரைய ஆரம்பித்தது. அப்புறம் டவுன் பஸ் டிக்கெட்டுகளை மடித்துப் பட்டைக்கு அடியில் செருகிப் பார்த்தார். மழைக்காலத்தில் இரையாது, வெயில் காலத்தில் இரையும். நான் என் பங்குக்கு ஆயுத பூஜை அன்று அதன் முகத்தில் அரைத்த சந்தனத்தை அள்ளிப் பூசி நடுவில் குங்குமம் வைத்தேன். அப்பாவின் ஸ்பேனருக்கும் சைக்கிளுக்கும் அப்படித்தானே வைக்கிறோம், இதற்கு மட்டும் என்ன என்று. மரம் சந்தனத்தைக் குடித்துவிட்டது. துடைத்துத் துடைத்துப் பார்த்தும் அந்த மஞ்சள் கறை போகவில்லை. நீ அன்றைக்குப் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பூசணிக்காயே தானாக உடைந்திருக்கும். "அம்மா, இது கிடார், அம்மிக்கல் இல்ல!" என்று கத்தினாய். தப்புதான், எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதன் வாலில் ஒரு பூவைச் சுற்றிவிட்டு விட்டிருப்பேன்.

பெங்களூரில் வேலை கிடைத்து, உன் சம்பளத்தில் புதுக் கிடாரை வாங்கி, தசராவுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, அன்றைக்கு நீ சொன்னதை நினைவுபடுத்துகிறேன். இரண்டையும் மடியில் மாற்றி மாற்றி வைத்து வாசித்துக் காட்டினாய். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. புதுசு நிறைவாகப் பேசியது, பழசு சளி பிடித்த குரலில் முனகியது. நீயே சிரித்துவிட்டு, "இனிமே இதை யார் தொடுவா? யாருக்காச்சும் தள்ளிவிடும்மா" என்றாய். சரி என்றேன். ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும், அதுதான் நம் வீட்டுச் சட்டம். புது குக்கர் வந்ததும் பழைய குக்கர் போயிற்று, கலர் டிவி வந்ததும் பழைய டிவி போயிற்று, யாரும் உட்கார்ந்து அழவில்லை. நானும் நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். அடுத்த தெருவில் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர், தலையில் முடி அவ்வளவாக இல்லாதவர், ரிடையர் ஆவதற்குள் கிடார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், வந்து பார்த்தார். பிடித்திருக்கிறது, சொல்லியனுப்புங்கள், வந்து எடுத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் உன் நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய அம்மாவும் நல்ல மாதிரிதான். பாட்டுப் பாடு என்று கேட்கும் இடத்தில் நீ கிடாரை எடுத்தாய். அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. "புனேவுக்கும் கொண்டு வாம்மா, வீட்ல இடம் இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நாம் இடம் இல்லாமல் அவதிப்பட்டவர்கள் இல்லையா? எல்லோரும் கிளம்பிப் போன பிறகு நீ தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "அம்மா, பழைய கிடார் இங்கேயே இருக்கட்டும். ஆயுத பூஜைக்கு வாத்தியம் வைக்கணும் இல்லையா? நான் வருஷா வருஷம் வந்து பூஜையில வெச்சு வாசிச்சுட்டுப் போவேன்."

ஆகா, என்ன பக்தி! சந்தனத்துக்கு அந்தக் கூச்சல் போட்ட பெண் பேசுகிற பேச்சா இது? உனக்குப் பொய் சொல்ல வராது கண்ணு. எனக்கும் வராது, அதனால்தான் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுகிறேன். அந்த இரைகிற மரப் பெட்டி உனக்கு வேண்டாம். அதை வைத்துக்கொண்டு, திரும்ப வருவதற்கு உனக்கு ஒரு சாக்கு வேண்டும். கல்யாணம் ஆன பெண் பிறந்த வீட்டுக்கு வந்து நின்றால் ஊர் என்ன விசேஷம் என்று கேட்கும். அதற்குக் கையில் ஒரு பதில் இருக்கட்டும் என்று நீ முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறாய். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நானும் அதையேதான் செய்தேன். என்னுடையது தையல் மெஷின்.

ஹனூரில், நான் பிறந்த வீட்டில், கையால் சுற்றுகிற ஒரு மெஷின் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அதில்தான் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். மைசூருக்கு வந்த பிறகு உன் அப்பா காலால் மிதிக்கிற மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். பழசை என்ன செய்வது என்று அண்ணன் ஆள் மூலம் கேட்டு அனுப்பினார். உன் பெரிய மாமாதான். "இருக்கட்டும், நான் வர்றப்ப எண்ணெய் போட்டு வெச்சுக்கறேன்" என்று சொல்லியனுப்பினேன். எங்கள் அம்மாவும் அப்பாவும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் வீடு என்பது அண்ணியின் வீடு, அப்படித்தான் எனக்குத் தோன்றியது. வெறுமனே போய் உட்காரக் கூச்சமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பையில் ஒரு சின்ன எண்ணெய் டப்பியோடு போவேன். மெஷினைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் விடுவேன். அந்தச் சாக்கில் சாப்பிட்டு, கதை பேசி, ஒரு தூக்கம் தூங்கிவிட்டு வருவேன். யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டால் மெஷினைக் காட்டலாம் என்ற தைரியம்.

உனக்கு நடை வந்து கொஞ்ச காலம்தான் இருக்கும், எனக்கும் உன் அப்பாவுக்கும் பெரிய சண்டை வந்தது. என்ன சண்டை என்பது மறந்துபோயிற்று. மறக்கவில்லை, எழுத விருப்பமில்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, துணிப் பையை நிறைத்துக்கொண்டு ஹனூர் பஸ் ஏறினேன். அந்தப் பையிலும் மேலாக எண்ணெய் டப்பியை வைத்துக்கொண்டேன் பார், என் புத்தியை என்ன சொல்வது! வாசலில் அண்ணி புளி உலர்த்திக்கொண்டிருந்தார். "வா கண்ணு, பஸ்ஸுல எடம் கெடச்சுதா?" என்று உன்னை வாங்கிக்கொண்டார். நான் உள்ளே போனேன். மெஷின் இருந்த மூலையில் டிராக்டர் டயர் சாய்ந்திருந்தது. "மெஷினுங்களா? அதெ நம்ம தையக்காரருக்குக் குடுத்துப்போட்டோமே கண்ணு. சும்மாதான எடத்த அடைச்சுட்டுக் கெடந்துச்சு. உனக்குத்தான் அங்க புதுசு இருக்குதுன்னாங்களே" என்றார் அண்ணி. அவர் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. நல்ல பொம்பளை. அடுத்ததாக, எல்லோரும் எல்லோரையும் கேட்பதைத்தான் கேட்டார்: "என்ன கண்ணு, திடீர்னு? ஏதாச்சும் விசேஷமா?"

மெஷின் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், மெஷினுக்கு எண்ணெய் போட வந்தேன் என்று. 'கொஞ்ச நாள் இங்கே இருக்கிறேன் அண்ணி' என்பது எத்தனை சின்ன வாக்கியம்! அது வரவில்லை. என்ன வந்தது தெரியுமா? "மாதேஸ்வரன் மலைக்குப் போலாம்னு வந்தேன் அண்ணி. பாப்பாவுக்கு ஒரு வேண்டுதல்." ஒரு வேண்டுதலும் கிடையாது. அண்ணிக்கு ஒரே சந்தோஷம். நல்ல காரியம் என்று உனக்கு நெற்றியில் விபூதி வைத்தார். சாயங்காலம் அண்ணன் வயலிலிருந்து வந்து கேட்டதும், "காலையில மொத பஸ்ஸுல ஏத்தி உடறேன், கூட்டம் இருக்காது" என்றார். சொன்ன பொய்க்காக நான் மலை ஏற வேண்டியதாயிற்று. காட்டு வழியெல்லாம் பஸ் வளைந்து வளைந்து போக, நீ என் மேல் வாந்தி எடுத்தாய். சாமியிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அங்கிருந்து நேராக மைசூருக்கு பஸ். வீட்டுக்கு வந்தால் உன் அப்பா, "மலைக்கா போயிருந்தே? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே" என்று மலையிலிருந்து கொண்டுவந்த பிரசாத லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். சண்டை அத்தோடு முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். முடியவில்லை. அப்புறம் வேறு விதமாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாயிற்று.

அண்ணன் வீட்டில் அன்றைக்குத் தங்கியிருந்தால் என் வாழ்க்கையே மாறியிருக்கும் என்றெல்லாம் அளக்கமாட்டேன். ஒரு வாரம் படுத்துத் தூங்கியிருப்பேன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாரம் எனக்கு வேண்டியிருந்தது கண்ணு. அது கிடைக்காத துக்கம் இன்னும் எனக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு கல்யாணம் காட்சி என்று கூப்பிட்டால் மட்டும்தான் ஹனூருக்குப் போனேன். போன வருஷம் அங்கே ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது பேச்சோடு பேச்சாக இதை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். இலையில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டார். "கிறுக்கி! மெஷினு இருந்தாத்தான் நீ வருவியா? இது உன்ற ஊடில்லையா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா டயரத் தூக்கி ரோட்டுல எறிஞ்சிருப்பேனே" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. இத்தனை வருஷமாக நான் ஏன் வரப்போக இல்லை என்று அந்த மனிதர் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தங்கைக்கு மைசூர்க் கர்வம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாராம்.

இப்போது கிடாருக்கு வருகிறேன். உன் அப்பாவின் கட்சி, அது இருக்கட்டும் என்பது. "சும்னிரு, சும்மா இரு நீ. செவுத்துல தொங்குது, உன்கிட்ட சோறா கேக்குது? கொழந்த ஆசைப்பட்டா இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். நியாயம்தான். ஆசைப்பட்டு வைத்துக்கொள்கிற பொருள் என்றால் நானே தினமும் துடைத்து வைப்பேன். எத்தனை பேர் பழைய கைக்கடிகாரம், ஓடாத ரேடியோ என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள், யாரும் கெட்டுப்போகவில்லை. ஆனால் நீ அதன் மேல் ஆசையை வைக்கவில்லை, உன் உரிமையைக் கொண்டுபோய் மாட்டுகிறாய். நாளைக்கு மழையில் சுவர் ஓதமடித்து அதன் கழுத்து வளைந்துபோகலாம். கம்பி துருப்பிடிக்கலாம். நாங்கள் வீடு மாறும்போது யாராவது அதன் மேல் பெட்டியைத் தூக்கி வைக்கலாம். அன்றைக்கு நீ என்ன செய்வாய்? மலைக்குப் போக வந்தேன் என்பாயா?

உன் அப்பாவிடம் ஹனூர்க் கதையை இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சொன்னேன். அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், மார்க்கெட்டிலிருந்து தேவையே இல்லாமல் ஒரு சீப்பு நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். உரித்து ஒன்றை என்னிடம் நீட்டினார். "சரி, பேங்க்காரருக்குச் சொல்லியனுப்பு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேங்க்காரர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. இந்தக் கம்பி இரையும், இது சந்தனக் கறை, போகாது என்றேன். "பரவால்லம்மா, எனக்கும் ஒரு காது அவ்ளோ சரியில்ல, ரெண்டுக்கும் சரியாப் போச்சு" என்றார். அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டார். பஸ் டிக்கெட் விவரத்தை அப்பா அவருக்கு விளக்கிச் சொன்னார், மழைக்காலம் வெயில்காலம் எல்லாவற்றையும். வாசல் வரைக்கும் வந்த அந்த அம்மாள் மட்டும் நின்று, "நிஜமாவே குடுக்கறீங்களா? பொண்ணு கல்யாணம் ஆகிப் போற நேரம். அப்பறமா வந்து எங்கேன்னு கேட்டா?" என்று கவலைப்பட்டார். "கேட்கட்டும், பதில் எழுதத்தான் போறேன்" என்றேன். பேங்க்காரர் கிடாரைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்தாயிற்று. காசு விவரத்தை அப்பாவிடம் கேட்டுக்கொள்.

ஆக, வித்துவிட்டேன். இப்போது உனக்குக் கோபம் வரும், வரட்டும். உன்னைக் கேட்காமல் செய்தது சரியா என்றால், கேட்டிருந்தால் நீ ஆயுத பூஜைக் கதையையே திரும்பச் சொல்லியிருப்பாய். புதுக் கிடாரைப் பத்திரமாக எடுத்துப்போ. ரயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளாதே, மடியிலேயே வைத்துக்கொள். அங்கே மராத்தியில் நாலு வார்த்தையாவது சீக்கிரம் கற்றுக்கொள், நான் மைசூருக்கு வந்த புதிதில் இந்த ஊர்க் கன்னடம் பிடிபடாமல் கொத்தமல்லி கேட்டுக் கறிவேப்பிலை வாங்கிவந்தேன். யாராவது வாசி என்றால் உனக்கு மனசு இருந்தால் வாசி, இல்லாவிட்டால் இன்றைக்கு வேண்டாம் என்று சொல். மாப்பிள்ளையோடு சண்டை வரும், வராத வீடு கிடையாது. பெரும்பாலும் நீங்களே தீர்த்துக்கொள்வீர்கள்.

தீராத ஒரு நாள் வந்தால், அல்லது ஒன்றுமே நடக்காமல் உனக்குத் தூங்க வேண்டும் போல இருந்தால், கிளம்பி வா. இந்த வீட்டில் உன்னுடைய பொருள் என்று இப்போது ஒன்றும் இல்லை. வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தேன். இங்கே வந்து எடுக்கவும் வைக்கவும், வாசிக்கவும் பூஜை போடவும் உனக்கு எந்த வேலையும் கிடையாது. நீ வந்தாய் என்றால் வந்தாய், அவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரர்கள் கேட்டால் அவர்களுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன், எனக்கு வாய் இருக்கிறது. தீபாவளிக்கு வா, தீபாவளி இல்லாதபோதும் வா. இரண்டு பேராக வா, தனியாகவும் வா. வெறுங்கையோடு வந்தாலும் சரி, இருக்கிற பெட்டியெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி. கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார் என்பேன். மற்றதை நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், சொல்லாவிட்டால் பாயை விரித்துப் போடுவேன்.

அம்மா